முழங்கால் போட்ட சாத்தான்

கரண்டு போய்விட்டது. போனதும் ஒரு வகைக்கு நல்லதுதான், விசிறுகிற வேலை ஒன்று கைக்கு வந்தால் மனசு கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். எங்கே அடங்குகிறது, கை ஒரு பக்கம் போக மனசு அது பாட்டுக்கு வேறு பக்கம் போகிறது. பிஸ்கட் பெட்டி அட்டையைத்தான் விசிறியாகப் பிடித்திருக்கிறாள். கட்டிலில் வீட்டுக்காரர் ஞானசிகாமணி சுவர்ப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார். தூங்குகிறார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். தொண்டைக்குள்ளே மூச்சு போகும்போது ஒரு கரகரப்பு, திரும்பி வரும்போது சின்னதாக ஒரு விசில், அந்த விசில் வருகிறவரைக்கும் இவள் மூச்சும் வராது. வந்தது. சரி. தூத்துக்குடி வெயில் ஓட்டுக்கு மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது, ஜன்னல் வழியாக உப்புக்காற்று, அதோடு பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனை, அந்த வாசனை இவருக்குப் போய்ச் சேருமோ, சேர்ந்தால் பாவம் நாக்கு ஊறுமே, விழுங்க முடியாதவருக்கு ஊறித்தான் என்ன செய்ய. காலையில் கஞ்சித் தண்ணி ஒரு கரண்டி போல இறங்கியது. இன்னும் கொஞ்சம் வாங்குங்களேன் என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டு இவள் கையைப் பிடித்து, நீ சாப்பிட்டியா என்று வாயை மட்டும் அசைத்தார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். பொய்க்கு அப்பன் யார் என்று சின்ன வயசிலேயே ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன்தான், சாத்தான். சாயங்காலம் அவனைத்தான் கட்டப் போகிறார்கள், இந்த வீட்டில், இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இவருக்குள்ளே இருந்து. அதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பியூலா டீச்சரைக் குற்றம் சொல்ல வாய் வராது. எதிர்வீட்டு மனுஷி. ரிட்டையர் ஆனதிலிருந்து தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தூக்குவாளியும் கையுமாக முதல் ஆளாய் வந்து நிற்பாள். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, கேட்டதைக் குடுங்க என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன அன்றைக்கு ஆட்டோவில் இவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். நேற்று காய்வண்டிப் பக்கம் நின்று கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. அண்ணாச்சி இத்தனை வருசமா கோயில் நாடகத்துல அவன் வேஷத்தைத்தான கட்டுனாங்க?" ஆமா என்றாள் இவள். "அந்தச் சிரிப்பு எங்க இருந்து வரும்? தொண்டையில இருந்துதான?" ஆமா. "இப்ப நோவு எங்க?" தங்கபுஷ்பம் கையில் இருந்த வெண்டைக்காயை அப்படியே வண்டியில் போட்டுவிட்டாள். "விளையாட்டுக்கு வாசலைத் திறந்து வச்சாலும் வாரவன் வரத்தான் செய்வான் அக்கா. எங்க ஜெபக்குழு பிரதர் சொல்லுதாரு, அண்ணாச்சி தன் வாயால அவனுக்கு இடங்குடுத்தேன்னு ஒத்துக்கிட்டு, அந்த உடுப்பையும் எரிச்சு, அவனைக் கட்டி ஜெபிச்சா நோவு இறங்கிரும்னு." இறங்கிரும். அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தாள். வெயிலில் நடந்து வந்தவளுக்கு மோர் நீட்டினால் யார் மோர், எந்த வீட்டு மோர் என்று கேட்டா குடிப்பாள். நாளைக்குச் சாயங்காலம் வாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு, காய் வாங்காமலே வீட்டுக்கு வந்து, வந்த பிறகுதான் கையில் வெறும் பை இருப்பதைப் பார்த்தாள்.

அந்தப் பையில்தான் இப்போது உடுப்பு இருக்கிறது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. டிரங்குப் பெட்டியில் இருந்து அவர் பார்க்காமல் எடுத்து வைத்தாள். இவர் வேலை பார்த்த பேக்கரிக்கு மைதா வந்த துணிச்சாக்கைக் கறுப்புச் சாயத்தில் முக்கி இவளே தைத்தது, அங்கி மாதிரி தொளதொளவென்று, முதுகுப் பக்கம் சாயம் சரியாகப் பிடிக்காமல் மில் முத்திரை இன்னமும் மங்கலாகத் தெரியும், சாத்தான் திரும்பி நின்றால் முன்வரிசைப் பிள்ளைகள் மைதா மைதா என்று கத்தும். வருசா வருசம் பண்டிகை கிட்டத்தில் வந்ததும் போட்டுப் பார்ப்பார், இடுப்பு பத்தாது, முந்திரி மக்ரூன் உடைசலாகத் தின்று தின்று தொப்பை போட்டுவிட்டார் என்று இவள் ஏசிக்கொண்டே தையலைப் பிரித்துவிட்டுத் தைப்பாள், அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், நரகத்துக்கே ராசா, இடுப்பைச் சுருக்க வழி தெரியல பாரு என்பார். போன மாசம் அதே அங்கியைப் போர்த்திப் பார்த்தால் ரெண்டு சிகாமணி உள்ளே போகலாம். இடங்குடுத்தது வேஷம் கட்டினவர் என்றால் தைத்துக் கொடுத்தவளுக்கு என்ன? இவள் விரல் அல்லவா முதலில் மடங்கியிருக்க வேண்டும். மைக் செட் போட்டவனுக்குக் காது போயிருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே பார்த்திருந்த சபை முழுக்கப் பல் கொட்டியிருக்க வேண்டும். ஆண்டவரே என்ன நினைப்பு இது, யாருக்கும் ஒன்றும் வேண்டாம், எல்லாரும் நல்லா இருக்கட்டும். விசில் வந்ததா? வந்தது. கை வலிக்கிறது, அட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் எப்போதும் அந்த நாடகம்தான். ஒரு நல்ல மனுஷன் பிள்ளை குட்டியோடு சந்தோஷமாக இருப்பான்; அவனைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டுமா என்று சாத்தான் போய் ஆண்டவரிடம் உத்தரவு கேட்பான். ஆண்டவர் வேஷம் யாரும் கட்டக் கூடாது என்பது சபை வழக்கம், அதனால் வெள்ளைத் திரைக்குப் பின்னால் உபதேசியார் நின்று மைக்கில் பேசுவார், இதுவரைக்கும் போ, இதுக்கு மேலே தொடாதே என்று. முதல் வருசம் ஒத்திகையில் இவர் திரைக்கு முன்னால் போய் டப்பென்று முழங்கால் போட்டுவிட்டார். நாடகம் பழக்கின வாத்தியார் கத்துகிறார், "வே சிகாமணி, நீரு சாத்தான்வே! நெஞ்சை நிமித்தி நில்லும்!" இவர் எழுந்திருக்கவில்லை. "உத்தரவு கேக்க வந்தவன் நிமிந்து எப்படி சார் நிக்க? நான் பேக்கரி முதலாளிட்ட அரைநாள் லீவு கேக்கவே குனிஞ்சுட்டுல்லா நிக்கேன்." வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். பண்டிகைக்குச் சபை முதலில் கொல்லென்று சிரித்தது. பிறகு, அவ்வளவு பெரிய கொம்பும் வாலுமாக ஒருத்தன் தரையில் மண்டியிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறதைப் பார்க்கப் பார்க்கச் சத்தமே இல்லாமல் போய்விட்டது. உத்தரவு கிடைத்ததும் எழுந்து சிரிப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் கைப்பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழும். நாடகம் முடிந்ததும் கொம்போடேயே கீழே இறங்கி, அழுத பிள்ளையை எல்லாம் தேடிப் பிடித்து மடியில் இருந்து மக்ரூன் எடுத்துக் கொடுப்பார். வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள்கூட இன்றைக்கும் கலியாணப் பத்திரிகையோடு வந்து, சாத்தான் மாமா இருக்காங்களா அத்தை என்றுதான் கேட்கும்.

அந்த வேஷத்தை ஏன் கட்டினார்? அதை யாரும் கேட்டதில்லை. பியூலா டீச்சர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ, சொல்லியிருக்க மாட்டாள், வாய் அந்தப் பக்கம் போகாது, போனால் அந்த வாசனை வந்துவிடும், ஈரத்துணி வாசனை, நெற்றியில் போட்ட துணி சூடேறிச் சூடேறி, மாற்றி மாற்றிப் போட்டு, எப்சி, எப்சிம்மா, கண்ணைத் திற தாயி. மகளுக்கு எப்சிபாய் என்று பெயர். முன்பல் விழுந்து முளைக்காத பருவம். பண்டிகைக்குப் புதுச் சட்டை தைத்துப் பித்தான்துளை மட்டும் பாக்கி இருந்தது, காய்ச்சல் ஜன்னி கண்டு போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பூவை ஆண்டவர் பறிச்சுக்கிட்டார் என்றாள் ஒருத்தி. இது சத்துரு சாத்தான் செஞ்ச வேலை என்றாள் இன்னொருத்தி. இவளுக்கு ரெண்டாவது சொன்னதுதான் பிடித்தது, அதையே மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள், ஏன் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் உட்கார வேண்டுமே, பாட்டுப் பாட வேண்டுமே, பிள்ளையை எடுத்தவர் என்று நினைத்துக்கொண்டு எப்படிப் பாட. அடுத்த வருசம் பண்டிகை வந்தது. வழக்கமாகச் சாத்தான் கட்டுகிறவர், மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கேன், நான் மாட்டேன் என்று கழன்றுகொண்டார். அந்த வேஷம் கட்டினால் வீட்டில் ஒன்று போகும் என்று அப்போதும் பேச்சு உண்டு. கமிட்டியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். இவர்தான் எழுந்து, "எங்க வீட்டுல போயாச்சு. நான் கட்டுதேன்" என்றார்.

போயாச்சு. நான் கட்டுதேன். விசிறுகிற கை நின்றுவிட்டது. அப்படியானால் முதலில் பிள்ளை, பிறகுதான் வேஷம். இதை எப்படி மறந்தாள்? மறக்கவில்லை, அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தாள், பூட்டின அறைக்குள்ளேதான் இதுவும் கிடந்திருக்கிறது. வாசலைத் திறந்து வைத்ததால் வந்தான் என்கிறாளே டீச்சர், வாசல் சாத்திக் கிடந்தபோதுதானே எப்சி போனாள். வீட்டில் குடும்ப ஜெபம் ஒருநாள் தப்பினதில்லை, இவர் அதுவரை மேடையே ஏறினதில்லை. அந்த முதல் நாடகம் முடிந்து வந்து கொம்பைக் கழற்றி வைத்துவிட்டு இவளிடம் சொன்னாரே. "அந்த இடத்துல நின்னு பாத்தாத்தான் தெரியும் புஷ்பம். அவனுக்குன்னு ஒரு அதிகாரமும் இல்ல. திரைக்குப் பின்னால இருந்து சத்தம் வந்தாத்தான் ஒரு அடி எடுத்து வைக்கான்." இவள் அப்போது வெட்டினாற்போலக் கேட்டாள். "அப்ப நம்ம பிள்ளைக்குச் சத்தம் குடுத்தது யாருங்க?" அவர் ரொம்ப நேரம் நகக்கண்ணில் ஒட்டின மாவைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். "தெரியல. ஆனா திரைக்குப் பின்னால ஆள் இருக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவர் வருசா வருசம் போய் அந்தத் திரைக்கு முன்னால் முழங்கால் போட்டார். நடிப்பு என்று ஊர் நினைத்தது. சத்தம் கொடுத்தவரைத் தேடித்தான் போனாரோ என்னவோ, யார் கண்டது, ஆம்பிளைகள் அழுகையை எங்கெங்கேயோ கொண்டுபோய் வைக்கிறார்கள்.

ஒரு மூச்சு. ஒரு விசில். சாத்தான் திருடன் மாதிரி வந்து எடுத்துக்கொண்டு போனான் என்றால் வீட்டுக்கு உடையவர் எங்கே போயிருந்தார்? தூங்கினாரா? அவர் தூங்குகிறவர் இல்லை. அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்றால் இதுவும் தெரிந்துதான், எப்சி காய்ச்சலும் தெரிந்துதான், இந்தத் தொண்டைப் புண்ணும் தெரிந்துதான். இதை நினைத்தால் பயமாக இருக்கிறது, நினைக்காமல் இருந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. யார் கையிலும் இல்லாமல் கண்டபடிக்கு நடக்கிற காரியம் என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்ள. திருடனோடு என்ன சண்டை போடுவது, அவன் நம்மை என்ன கட்டிக்கொண்டா இருக்கிறான், வந்தான் போனான். சண்டை போட வேண்டுமானால் நம்மவரோடுதான் போட முடியும். இவரோடு போடாத சண்டையா, உலை அரிசி கூடினால் சண்டை, சட்டைப் பையில் கசங்கின பீடி கிடந்தால் சண்டை, மூன்று நாள் பேசாமல் இருந்து நாலாம் நாள் இவள் தலைவாரிக் கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து, ஏட்டி, எண்ணெய் வழியுது என்று சொன்னால் முடிந்தது. ஆண்டவரோடு இவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. மரியாதையாகவே இருந்துவிட்டாள். பெரிய வீட்டுக்கு மாவாட்டப் போனவள் மாதிரி, வந்தோம், வேலையைப் பார்த்தோம், போனோம் என்று.

ஆனாலும் இறங்கிரும் என்றாளே. மனசு அந்தச் சொல்லில் மறுபடி போய்த் துணி முள்ளில் மாட்டின மாதிரி மாட்டுகிறது. ஒருவேளை இறங்கினால்? ஒரு வாய் சோறு, ஒரு துண்டு மீன், ஒரு பண்டிகை. இவள் போய் எழுப்பி, டீச்சர் சொல்லுதபடி சொல்லுங்க என்றால் இவர் சொல்லத்தான் செய்வார், இவள் கேட்டு எதை மறுத்திருக்கிறார், நம்புகிறாரோ இல்லையோ இவளுக்காகச் சொல்லுவார், நான் அவனுக்கு இடங்குடுத்தேன், நான் அவன் பிள்ளையாய் இருந்தேன் என்று அந்தக் கரகரத்த தொண்டையால். சொல்லிவிட்டு இறங்கவில்லை என்றால்? அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே போவாரே. போகிற வழிக்கே ஏற்கனவே பயந்து கிடக்கிறவர். அன்றைக்கு ஒரு விடியக்காலம் இவள் காதைத் தன் வாய்ப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "பயமா இருக்கு புஷ்பம்" என்றார். எதுக்குங்க என்றாள். "வழி தெரியாதுல்லா. மதுரைக்குப் போனாலே பஸ்ஸ்டாண்டுல நின்னு முழிக்கவன் நான்." தேவதூதர்கள் வந்து கூட்டிட்டுப் போவாங்க என்றாள் இவள், கோயில் பாதிரி ஐயர் பிரசங்கத்தில் சொல்கிற மாதிரி. அவர், "முன்னப்பின்ன தெரியாத ஆளா இருக்குமே" என்றார். நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். நெஞ்சில் எலும்பு எலும்பாகக் கைக்கு அகப்பட்டது. அந்த ஆளைத்தான் இன்றைக்கு எழுப்பி, நான் சாத்தானுக்குச் சொந்தம் என்று சொல்லச் சொல்லப் போகிறோம். ஒரு உத்தரவு இல்லாமல் இவர் மேல் ஒரு தூசியும் விழாது என்று இவர் நம்பி நம்பி முழங்கால் போட்டாரே, அந்த நம்பிக்கையை இவள் கையால் பிடுங்கிவிட்டு ஆளை அனுப்பி வைப்பதா.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "அக்கா" என்றாள் பியூலா டீச்சர், குரலைத் தாழ்த்தி. வெள்ளைச் சேலை, கையில் தூக்குவாளி, இன்றைக்கும் சூப்பு. பின்னால் அந்தப் பிரதர் ஜெபசிங், நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பித்தான் போட்டுக்கொண்டு நெற்றியெல்லாம் வியர்வையாக, ஸ்தோத்திரம்மா என்று கையைக் கூப்பினார். தங்கபுஷ்பம் எழுந்து போய்க் கதவை மறித்த மாதிரி படியில் நின்றுகொண்டாள்.

"உள்ள வாங்க. ஜெபம் பண்ணுங்க. ஆனா அவன்கிட்ட பேசாதீங்க."

"யார்கிட்ட அக்கா?"

"அவன்கிட்டதான். உன்னைக் கட்டுதேன், வெளிய போன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தையும் வேண்டாம். நம்ம ஆண்டவர்கிட்ட மட்டும் பேசுங்க. உடுப்பும் தர மாட்டேன். அவரு ஒண்ணும் ஒத்துக்கிடவும் வேண்டாம்."

"நேத்து சரின்னீங்களே?"

"நேத்து பயத்துல சொன்னேன் டீச்சர். இன்னைக்கும் பயந்தான். ஆனா இவங்க வேஷம் கட்டுததுக்கு முந்தியே எங்க எப்சி போயிட்டா."

பியூலா டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்சி யாரு அக்கா?"

எப்சி போனதற்குப் பிறகு எதிர்வீட்டுக்குக் குடி வந்து இத்தனை வருசம் இருந்தவள். அவளிடம் இவள் ஒருநாளும் சொன்னதில்லை. "எம் பிள்ளை" என்றாள் தங்கபுஷ்பம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதே. அக்கா, எனக்குத் தெரியாதே." பிரதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அம்மா, நான் உள்ளதைச் சொல்லுதேன், அவனை அதட்டாம எனக்கு ஜெபிச்சுப் பழக்கமில்ல" என்றார். சொன்ன விதம் இவளுக்குப் பிடித்திருந்தது. தெரிஞ்ச மட்டும் பண்ணுங்க தம்பி என்றாள்.

உள்ளேயிருந்து கரகரவென்று குரல் வந்தது. "யாரு புஷ்பம்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. கட்டில் பக்கம் போய்க் குனிந்து சொன்னாள். "பியூலா டீச்சரும் ஒரு பிரதரும். உங்ககிட்ட இருந்து சாத்தானை விரட்டணும்னு வந்தாங்க. நான்தான் வரச் சொன்னேன்." சிகாமணி இவளைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. வலிக்கிறதோ என்று இவள் பதறினாள். இல்லை, சிரிக்கிறார், சத்தம்தான் இல்லை. சிரித்து முடித்து இவள் காதைக் கிட்டே இழுத்து, "நான் ரிட்டையர் ஆயாச்சுன்னு சொல்லு" என்றார். அதை இவள் அப்படியே சொன்னதும் பியூலா டீச்சர் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டாள். எல்லாரும் போட்டார்கள். பிரதர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, பழக்கத்தில் சாத் என்று எடுத்துவிட்டார். அப்படியே விழுங்கிக்கொண்டு, ஆண்டவரே என்றார். மறுபடியும் ஆண்டவரே என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அறையில் சிகாமணியின் மூச்சு மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. யாராவது பேசினால் தேவலை என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. பிறகு பேசுகிறது தான்தான் என்று தெரிந்தது.

"ஆண்டவரே, நான் புஷ்பம் பேசுதேன். எம் பிள்ளை காய்ச்சல்ல கிடக்கும்போது முட்டி தேய உம்ம முன்னால நின்னேன், நீர் ஒண்ணும் பேசல. அன்னையில இருந்து நானும் உம்மகிட்ட மரியாதையாத்தான் இருந்தேன், பேசல. ஏதோ ஒரு பய மேல பழியைப் போட்டுட்டு இருந்துட்டேன். இனிமே போட மாட்டேன். அவனுக்கு ஏது அதிகாரம். உம்மைக் கேக்காம ஒண்ணும் நடக்காதுன்னா நான் உம்மகிட்டதான் கேப்பேன், ஏன் எடுத்தீர்னு கேப்பேன், நீர் சொல்லுத வரைக்கும் கேப்பேன். இப்ப இவங்களையும் எடுக்கப் போறீர். எனக்குத் தெரியுது. வேண்டாம்னு சொல்லத்தான் ஆசை, வேண்டாம் ஆண்டவரே. கேக்க மாட்டீர்னா ஒண்ணு மட்டும் செய்யும். ஆள் அனுப்பாதேயும். தூதனைக்கூட அனுப்ப வேண்டாம், இவங்களுக்குப் புது ஆளுன்னா கூச்சம். நீரே வாரும். எத்தனை வருசம் உம்ம திரைக்கு முன்னால வந்து முழங்கால் போட்ட மனுஷன், ஒரு தடவை நீர் வெளிய வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா என்ன."

ஆமென் என்றார் சிகாமணி, மூச்சுக்குள்ளே. ஆமென் என்றாள் பியூலா டீச்சர். பிரதர் ஜெபசிங்கும் சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். தங்கபுஷ்பம் மட்டும் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. அவளுக்கு இன்னும் பேசி முடியவில்லை.